இரண்டு புதூர்

சங்கராபுரத்தில் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் லேப்டாப்போடு ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நர்ஸ், மடியில் தடுப்பூசிப் பெட்டி.

"நேத்து ரெண்டு புதூரையும் ஒண்ணாக்கிட்டேன்க்கா," என்றாள் பெண். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னாடி சொல்ற?"

"நீங்க ஊசி போட மலையில நடந்து போற ஊரு, ஒத்தையடிப் பாதை எல்லாத்தையும் புரோகிராம்ல போட்டேன் இல்ல? ஓடிக்கினு இருந்த வரைக்கும் சரியா இருந்துச்சு. ஃபைல்ல சேவ் பண்ணி திரும்ப லோட் பண்ணா, மேல் பக்கத்துப் புதூரும் கீழ் பக்கத்துப் புதூரும் ஒரே ஊராயிடுச்சு. ஊர் பேரை மட்டும் எழுதி வெச்சிருந்தேன்."

"எனக்கு ட்ரான்ஸ்பர் ஆனப்புறம் புதுசா வர்ற நர்ஸு அத நம்பிப் போனா இன்னா ஆவும்? நடுவுல பெரிய பள்ளம்டி. சுத்திப் போறதுக்குள்ள மருந்து வெயில்லயே கெட்டுடும்."

"அதான் இப்ப ஒவ்வொரு ஊருக்கும் தனி நம்பர் குடுத்துட்டேன். எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பருக்குப் பாதைன்னு எழுதி வெச்சுக்குது. கேட்டுப் பாருங்க."

"மேல் புதூர்ல இருந்து கீழ் புதூருக்கு நேர் வழி இருக்கா?"

பெண் தட்டிப் பார்த்தாள். "இல்லைன்னு வருதுக்கா."

"மூடிட்டு மறுபடி தெற."

மூடினாள், திறந்தாள், லோட் செய்தாள். "இப்பவும் இல்லைன்னுதான் சொல்லுது."

நர்ஸ் பெட்டியை ஒரு தட்டு தட்டினார்.

"இனிமே நான் நிம்மதியா மலைய விட்டு எறங்கலாம்டி."