முருகன் முதுகில் பொட்டு

மயிலாப்பூர் போகும் பேருந்து அடையாறு சிக்னலில் நின்றிருந்தது. காலை எட்டு மணி. எனக்கு முன் இருக்கையில் வீட்டு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். மடியில் சாப்பாட்டுப் பையோடு இருந்த மூத்தவர் சொன்னார்:

"ஒரு வருசமா முருகன செவுத்தப் பாத்து மாட்டி வச்சிருந்தேன்."

இளையவள் திரும்பினாள். "சாமி படத்தயா? இன்னாத்துக்குக்கா?"

"ஆத்தோரம் இருந்த வீட்ட இடிச்சி எங்கள ஊருக்கு வெளிய தள்ளுனாங்கல்ல. அன்னிக்கு பாத்துக்கினு தான இருந்த, இனிமே செவுத்தயே பாருன்னு புது வீட்ல திருப்பி மாட்டிட்டேன். வெளக்கும் ஏத்தல."

"அப்புறம்?"

"நேத்து ஒட்டட அடிக்க எறக்குனேன். பின்பக்க அட்ட முழுக்க மஞ்சளும் குங்குமமும் அப்பிக்கினு கீது. வெள்ளிக்கெழமையான வாசப்படிக்கு வச்சிட்டு வரசொல்ல, பழக்கத்துல அவரு முதுகுக்கும் வச்சிக்கினே வந்துகீறேன்."

இளையவள் சிரித்த சிரிப்பில் நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

"வீட்ட திருப்பிக் குடுத்துட்டாராக்கா?"

"எங்க. ரெண்டு பஸ்ஸு மாறித்தான் வந்துக்கினு கீறேன்."

"பின்ன ராசியாயிட்டியா?"

"யாரு சொன்னா? படத்த இந்தப் பக்கம் திருப்பி, வெளக்கேத்தி வச்சி, மூஞ்சியப் பாத்து நாக்கப் புடுங்கிக்கிற மாரி கேட்டேன். அப்புறம் நல்லா தூங்கிட்டேன்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மிச்சத்த இன்னிக்கி கேக்கணும். போவசொல்ல அவருக்கு ரெண்டு மொழம் பூ வாங்கிக்கினு போவணும்."