ரபேல் பேசிய கூட்டம்

விளக்கு வைக்கும் நேரம். மலாயாவில் ஆயர் ஈத்தாமிலிருந்து யோங் பெங் போகிற ரோடு. அப்போதெல்லாம் இரண்டு பக்கமும் ரப்பர் மரம்தான்... ஒரு வண்டி போனால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை விட்டு, மண் ஊறிக் கிடந்தது. அந்த ரோட்டில்தான் ஒரு வாடகைக் கார் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுபோனது.

காருக்குள் இருந்தவர் என் நண்பன் தங்கராஜுவின் பெரியப்பா. பெயர் ரபேல். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தைய சங்கதி இது. யோங் பெங்கில் இருந்த பொது வாசகசாலைக்கு அவர் நூலகர். பக்கத்தில் உதவியாளர் சதாசிவம். வண்டி ஓட்டியவன் வேலு. ஜொகூர் பாருவில் நூலகர்கள் மாநாடு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ரபேலுக்கு வயிறெல்லாம் எரிந்தது. எஸ்டேட்டுச் சனங்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. புத்தகத்தை அலமாரியில் பூட்டிவைத்து என்ன பிரயோசனம்? சாயங்காலம் அவர்களை உட்காரவைத்து வாசித்துக் காட்ட வேண்டும்... இதைச் சொல்லத்தான் போனார். மாநாடு சரி என்றால் செய்யுங்கள், இல்லையென்றால் கூடாது என்று வாசகசாலைக் கமிட்டி சொல்லியிருந்தது. "நல்ல சேதியோட வரேன்" என்று சனங்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருந்தார்.

அங்கே என்ன நடந்தது? மேடையில் யார் நடுவில் உட்காருவது என்று காலை முழுக்கத் தகராறு. சாப்பாட்டுக்குப் பிறகு, கண்ணாடி அலமாரிக்கு எந்த மாதிரிப் பூட்டு நல்லது என்று விவாதம். எல்லாம் முடிந்து ரபேலைக் கூப்பிட்டார்கள். "சபையோருக்கு வணக்கம்" என்றார். தலைவர் மணியை அடித்துவிட்டார். நேரமாகிவிட்டதாம். தேநீர் ஆறுகிறதாம்.

"விடுங்கண்ணே. அடுத்த மாநாட்டுல பேசிக்கலாம்லா" என்றார் சதாசிவம்.

"எனக்குப் பேச வராதுன்னா சரி, பேசாம இருந்துடலாம். வாயத் திறந்தாத்தானே தெரியும்? திறக்கவே விடல சதாசிவம்!"

சதாசிவம் தண்ணீர் பிடிக்கத் தகரத்தை எடுத்துக்கொண்டார். வேலு அரிக்கேன் விளக்கை ஏற்றினான். "நீங்க வண்டியிலேயே இருங்கண்ணே. ஆத்துல தண்ணி புடிச்சிட்டு வந்திடுறோம்" என்றார் சதாசிவம். விளக்கு ஆடி ஆடி, வளைவில் மறைந்தது.

ரபேல் தனியாக இருந்தார். சூடான இஞ்சின் டிக்... டிக்... என்று ஆறிக்கொண்டிருந்தது. தவளைச் சத்தம். காற்றில், ரப்பர் மரத்தில் உறைந்துபோன ஒட்டுப்பால் நாற்றம்.

தவளைச் சத்தம் சட்டென்று நின்றது.

மரங்களுக்கு நடுவே மஞ்சளாக ஒரு வெளிச்சம். நீளமான ஒரு கொட்டகை. வாசலில் தலையில் துணி கட்டிய ஒரு பெண்.

"சார்... பேச வந்தவங்கதானே? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்."

வேறு நாளாக இருந்தால் யோசித்திருப்பார். அன்றைக்கு அவர் இருந்த நிலையில் அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இறங்கி நடந்தார்.

உள்ளே தரையில் வரிசை வரிசையாக ஆட்கள். ஆண்கள், பெண்கள், மடியில் குழந்தைகள். ரபேல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். காலையிலிருந்து அடைத்துக் கிடந்ததெல்லாம் கொட்டியது. மணி அடிக்க யாரும் இல்லை. அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

முடித்தார். சத்தமே இல்லை.

"மறுபடியும் சொல்லுங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

சந்தோஷமாகவே மறுபடியும் சொன்னார். முடித்ததும், "மறுபடியும் சொல்லுங்க சார்."

இந்தத் தடவை பேசும்போதுதான் கவனித்தார். ஒருவர்கூட இருமவில்லை. ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. கொசு அவர் காதைச் சுற்றியே ரீங்காரம் போட்டது... வேறு யாரும் கொசு அடிக்கக் கை தூக்கவில்லை.

"போதும்மா. வண்டி காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை, நகரவில்லை. ஆனால் முன் வரிசையின் முழங்கால்கள் இப்போது அவர் கால் சப்பாத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தன.

"நிறுத்திடாதீங்க சார்."

இப்போது கேட்டது ஒரு குரல் இல்லை. எல்லாக் குரலும். ரபேல் வாயை மூடப் பார்த்தார். மூட முடியவில்லை. பேச்சு தானாக வந்தது... முதலிலிருந்து... மறுபடியும் முதலிலிருந்து. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. யாராவது நிறுத்தச் சொல்ல மாட்டார்களா என்று அழுகை முட்டியது.

முகத்தில் விளக்கு வெளிச்சம் விழுந்தது.

"அண்ணே! இருட்டுல நின்னு யாருகிட்ட பேசுறீங்க?"

சதாசிவம். பின்னால் வேலு. கொட்டகை இல்லை. ரப்பர் மரங்கள் மட்டும். ரபேல் கம்மிப்போன குரலில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். சதாசிவம் தோளைப் பிடித்து உலுக்கியதும் நின்றது.

வேலு விளக்கைத் தரைப்பக்கம் இறக்கினான். ஈர மண் முழுக்க வெறுங்கால் தடங்கள். பெரிசு, சிறுசு. நாலு பக்கத்திலிருந்தும் ரபேலைப் பார்த்து வந்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

ஓடிப்போய் வண்டியில் ஏறினார்கள். தண்ணீர் ஊற்றியாயிற்று, இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் சமதரையிலேயே வண்டி முக்கியது.

"என்ன சார் ஏத்துனீங்க? லோரி மாதிரி இழுக்குதே!" என்றான் வேலு. பின்சீட்டில் இருந்த இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

யோங் பெங் வந்தது. வாசகசாலை வாசலில் நிறுத்தினான். மாநாட்டுக்குக் கொண்டுபோன புத்தகக் கட்டை உள்ளே வைக்க வேண்டும். மூவரும் இறங்கினார்கள். ரபேல் வாசகசாலைக் கதவைத் திறந்தார்.

பின்னால் ஒரு சத்தம். திரும்பினார்.

ஆளில்லாத வண்டி, சக்கரத்தை மூடுகிற அளவுக்கு அமுங்கிக் கிடந்தது. கிறீச்... கொஞ்சம் மேலே எழும்பியது. நின்றது. கிறீச்... இன்னும் கொஞ்சம். கிறீச்... கிறீச்... யார் யாரோ இறங்குவது போல.

வேலு வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். கதவை மூடிவிடலாம் என்று ரபேல் கையைக் கொண்டுபோனார். அதற்குள் அவர் தோளை உரசிக்கொண்டு ஈரக்காற்று உள்ளே போனது... விட்டு விட்டு, வரிசையாக.

உள்ளே, இருட்டில், பெஞ்சுகள் ஒவ்வொன்றாக இழுபட்டன.