நாப்பதா, நூத்தறுபதா?

...காலைல ஒம்போது மணிக்கு வச்ச தண்ணி சார்! இப்ப மணி பன்னெண்டு. வெரல விட்டுப் பாருங்க... கொழந்தைய வேணா குளிப்பாட்டலாம், டீ போட முடியுமா? இருங்க சார், மொட்டமாடில காயப்போட வந்த ஈரத்துணி எங்க ஓடிப்போகுது? மேல் போர்ஷனுக்குப் புதுசா வந்திருக்கீங்க, நாலு விஷயம் தெரிஞ்சுக்கணும்ல.

இந்தக் கண்ணாடிக் கிண்ணம், சூரிய அடுப்பு, என் மாப்பிள்ளை செஞ்சது. வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு. வேலைல குறை சொல்ல மாட்டேன்... சொன்னேன், அது வேற. விழற வெயில மொத்தமா ஒரே புள்ளில சேக்கும். அதான் குவியம். அங்க பாத்திரத்த மாட்டுனா தளதளன்னு கொதிக்கணும். இந்த வளைவு பரவளையம், அதான் பாரபோலா. அதோட சமன்பாடு இருந்தா குவியம் எங்கன்னு சொல்லிரலாம் சார். கிண்ணத்துக்குப் போட்ட படத்துல அவரே எழுதியிருக்காரு, எக்ஸ் ஸ்கொயர் சமம் நூத்தறுபது ஒய். எல்லாம் செண்டிமீட்டர், கிண்ணத்தோட அடிலேருந்து அளக்கணும். பேப்பர் இல்ல, பேனா இல்ல, "நாப்பதுல மாட்டணும் மாமா"ங்கறாரு! முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாரு நான், என் முன்னாடி! அதுவும் என்கிட்டயே பன்னெண்டாவது படிச்சவரு! சுர்ருன்னு வந்துச்சு. "நூத்தறுபதுன்னு எழுதிட்டு நாப்பதுன்னா என்னய்யா அர்த்தம்"னு கேட்டுட்டு, பாத்திரம் மாட்டற கம்பிய நீட்டி நூத்தறுபதுல மாட்டிட்டேன். ஸ்டூல் போட்டு ஏறித்தான் பாக்கணும், பரவால்ல.

மாப்பிள்ளை செருப்ப மாட்டுனாரு, போயிட்டாரு. பொண்ணும் பின்னாலயே. "நீங்க தப்ப ஒத்துக்கற வரைக்கும் வரமாட்டோம்"னுட்டுப் போயிருச்சு. வீட்டுக்காரி மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்கா. வீடே வெறிச்சுன்னு இருக்கு, மனசே சரியில்ல. ஆனா கணக்குன்னு வந்துட்டா நான்...

இருங்க, வெயில் நகந்துருச்சு, கிண்ணத்தத் திருப்பணும். ச்சே, இந்தத் தொப்பி வேற, ஒரே வேர்வை. நாப்பதுல ஒரு கொக்கி வெல்டு வச்சிட்டுப் போயிருக்காரே, தொப்பி மாட்டவாவது ஆகட்டும். ம்ம்... அவ்ளோதான்.

என்ன சொன்னேன்? ஆங், கணக்கு. பசங்க வருஷாவருஷம் ஒரே தப்பத்தான் சார் பண்ணுவானுங்க. எக்ஸ் ஸ்கொயர் சமம் நாலு ஏ ஒய். அந்த ஏ தான் குவியத்தோட தூரம். குடுத்த நம்பர நாலால வகுக்கணும். வகுக்காம அப்படியே எழுதிட்டு வந்து நிப்பானுங்க! விடுவேனா? ஒரு மார்க் கட்! நம்ம மாப்பிள்ளைக்கே அப்ப கட் பண்ணியிருக்கேன்...

என்ன சார், மூக்க உறிஞ்சறீங்க? புகையா? எங்க... ஐயையோ, என் தொப்பி! தண்ணி, தண்ணி, அந்தப் பாத்திரத்த எடுங்க!

...நடு மண்டைல ஓட்ட.

நூத்தறுபத... நாலால...

சார், உங்க போன் இருக்கா? என் நம்பர்னா மாப்பிள்ளை எடுக்க மாட்டாரு. வேணாம், நீங்களே பேசுங்க. "மாமாவுக்கு ஒரு மார்க் கட்"டுன்னு மட்டும் சொல்லுங்க. புரிஞ்சுக்குவாரு.