கனகா இல்லாமல் நடந்த கலந்துரையாடல்

இரண்டு நாளும் எங்கள் பேச்சைத் தூங்காமல் கேட்ட மாநாட்டுத் தலைவர் ராஜாங்கம் ஐயா அவர்களே! கணினியைக் கரைத்துக் குடித்த கனவான்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க இந்த விருத்தாசலத்து வெயிலில் வந்திருக்கும் தாய்மார்களே! ஜெரோமின் பணிவான வணக்கம்.

நன்றி சொல்ல அழைத்தார்கள். யாருக்குச் சொல்வேன்? எதற்குச் சொல்வேன்? மென்பொருள் மாநாடு என்றார்கள், மென்றதுதான் அதிகம்! கைதட்டாதீர்கள், வடை தீர்ந்துவிட்டது. நேற்றைய அறிமுகக் கூடலில் அறிமுகமானவர்கள் யார்? ஒரே காரில் சென்னையிலிருந்து வந்த நால்வர், ஒருவருக்கொருவர் முகவரி அட்டை கொடுத்துக்கொண்டார்கள்!

இன்று காலை கலந்துரையாடல். தலைப்பு, ‘எளியோர்க்கும் எட்டும் மென்பொருள்’. என்ன கனிவு! என்ன கருணை! மேடையில் நாங்கள் நால்வர். ஐந்தாவதாக அழைக்கப்பட்டவர் கனகா அம்மா. பீங்கான் ஆலையில் பியூஸ் கட்டைக்குப் பிசிறு தேய்ப்பவர், அதாவது சூளைக்குப் போகுமுன் மண் கட்டையின் ஓரங்களைக் கையால் தேய்த்துச் சீராக்குபவர். விரல் வைத்து வருகை பதியும் செயலியைத் தினமும் தொடுபவர். அவர் வரவில்லை. “இவர்களுக்கு ஆர்வமே இருப்பதில்லை” என்றார் ஒரு மேதை. தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்! ஒரு மணி நேரம் எளியோருக்காக உருகினோம். உருகி முடித்துத் தேநீருக்கு எழுந்தோம்.

வெளியே வந்தால், வேப்பமர நிழலில் கனகா அம்மா.

“ஏம்மா, உள்ள வரலையா?”

“வந்தேங்க சார். வாசல்ல வெரல வச்சாதான் உள்ள போகச் சீட்டு குடுப்பாங்களாம். ஏழு தடவ வச்சேன், மிசினு ஏத்துக்கல. மண்ணுல தேச்சித் தேச்சி ரேகையே போயிடுச்சுங்க. கம்பெனிலயும் இதே கததான். நாளெல்லாம் வேல செய்யிறேன், வரவே இல்லன்னு காட்டுது. இந்த மாசம் நாலு நாளு. இன்னொரு நாளு அப்படி ஆச்சின்னா நின்னுக்கச் சொல்லிட்டாங்க.”

“மேஸ்திரி பார்க்கிறாரே?”

“எதிர்லதான் நிக்கிறாருங்க. மிசினு சொன்னாதான் நான் வந்ததா கணக்குங்கறாரு.”

அவையோரே, அந்தச் செயலியை எழுதிய அறிவாளி யார்? தேடாதீர்கள். இதோ நிற்கிறேன்! சோதித்துப் பார்த்தது எந்த விரல்? விசைப்பலகையைத் தவிர வேறெதையும் தேய்க்காத இந்த விரல்! “நான்தாம்மா எழுதினேன்” என்றேன்.

அவர் திட்டவில்லை. “அப்படிங்களா? ஒரு வாரம் எங்ககூட வந்து பிசிறு தேய்ங்க சார். அப்புறம் உங்க வெரல வச்சிப் பாருங்க” என்றார்.

குழுப்படத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பிரியாணிக்குக் கூப்பிட்டார்கள், ஆம், அதற்கும் போகவில்லை! மரத்தடியிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். ரேகை படியாவிட்டால் மேஸ்திரியே ஆளைப் பார்த்துப் பதியலாம் என்று ஒரு வழி சேர்த்தேன். எவ்வளவு நேரம்? நாற்பது நிமிடம்! எளியோருக்காக நாம் உருகியதைவிடக் குறைவு! ஆலை மேலாளரிடம் பேசினேன். தவறு என்னுடையது என்றேன். நான்கு நாளையும் திருத்திவிட்டார். கனகா அம்மா மதிய வேலைக்குப் போய்விட்டார். நம் மாநாட்டுக்காக விடுப்பு எடுக்க அவருக்கு என்ன தலையெழுத்து!

திங்கட்கிழமை நான் பிசிறு தேய்க்கப் போகிறேன். கூட வருபவர்கள் கை தூக்குங்கள். என்ன, கூட்டம் கல்லாகிவிட்டது? காலையில் உருகியவர்கள் எங்கே? ஒன்று... ராஜாங்கம் ஐயா! வியர்வை துடைக்கத் தூக்கிய கை இல்லையே? இல்லையாம்! அங்கே இரண்டு. தாய்மார்கள் பக்கம் ஓர் அக்காவும் சேர்ந்து மூன்று. போதும், காலை எட்டு மணிக்கு ஆலை வாசலில் சந்திப்போம். தூக்கிய கைகளுக்கு என் நன்றி. தூக்காத கைகளுக்கு என் வணக்கம்!