மேல் லயத்துக்கும் பவுசர்

எனக்குத் தேநீர் பிடிக்காது. தோட்டத்தில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். வெறும் தண்ணீர்தான் குடிப்பேன், அதுவும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். நீங்கள் வைத்த கோப்பை ஆறிக் கிடப்பதற்கு அதுதான் காரணம், ஐயா. உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

கரவனெல்லப் பக்கம் எங்கள் றப்பர் தோட்டத்து அடிவாரத்தில் ஒரு தொழிற்சாலை இருந்தது. இயந்திர உதிரிகளை ஏதோ கரைப்பானில் கழுவி, மிச்சத்தைப் பின்பக்கக் குழியில் பல வருடம் ஊற்றியிருக்கிறார்கள். அது நிலத்துக்குள் இறங்கி, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, கீழ் லயத்துக்கு, இருந்த கிணற்றுக்கு வந்துவிட்டது. அதைச் சுத்தம் செய்யத்தான் நுஸ்கா மிஸ் வந்தார். வரக்காப்பொலக்காரர், தண்ணீர் ஆராய்ச்சி படித்தவர். ஏழு இடத்தில் நிலத்தைத் துளைத்து இரும்பு மூடி போட்ட குழாய் இறக்கினார். மோட்டார் வைத்து அடித் தண்ணீரை இழுத்துச் சுத்தப்படுத்தினார். மாதாமாதம் அந்தக் குழாய்களிலிருந்து போத்தலில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கிணற்றுக்குப் பூட்டுப் போட்டு, அதற்குப் பதிலாக வாரம் இரண்டு முறை பவுசரில், அதுதான் தண்ணீர்த் தாங்கி லொறியில், குடிதண்ணீர் கொடுத்தார்கள்.

அதற்கு முன்னால் எங்கள் கீழ் லயத்துக்கு யாரும் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து தந்ததில்லை. மாசியில் கிணறு வற்றும், கடிதம் எழுதுவோம், மழை வந்துவிடும், பதில் வராது. விஷம் வந்த பிறகுதான் எங்களையும் ஆட்களாக மதித்தார்கள். அந்தத் தைப்பொங்கலுக்கு எங்கள் சனம் நாலாம் குழாய்க்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தது. விஷம் அதிகமாக இருந்தது அந்தக் குழாயில்தான். மிஸ் பதறிப்போய்க் குங்குமத்தையும் ஒரு போத்தலில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பினார். குங்குமத்தில் குற்றமில்லை என்று அறிக்கை வந்தது.

இரண்டாம் வருடம் குழாய்களில் விஷத்தின் அளவு இறங்கத் தொடங்கியது. மிஸ் கேக் வாங்கி வந்தார்.

“கிருஷாந்த், இன்னும் மூணு மாசம் இப்படியே வந்தா வேல முடிஞ்சி. பவுசரையும் நிப்பாட்டலாம்.”

நல்ல மனுஷி. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் உண்டு. ஆனால் பவுசர் நின்றால் மாசியில் மறுபடி கடிதம்தான் எழுத வேண்டும். மறுநாள் தொழிற்சாலையின் பழைய ஸ்டோரில் கிடந்த கரைப்பான் பீப்பாயிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து நாலாம் குழாயில் விட்டேன். அளவு ஏறியது. மிஸ் அழுதார், பெரிய மோட்டார் வாங்கினார், இதைப் பற்றி ஏதோ மாநாட்டில் கட்டுரையும் வாசித்தார். பவுசர் வாரம் மூன்று முறை வந்தது. கிணறு பூட்டித்தானே கிடந்தது, இதில் யாருக்கு என்ன நட்டம்?

மேல் லயத்து இருளாயி அக்கா ஒரு நாள் என்னை வழிமறித்தார். முட்டிவலியோடு மேல் லயத்துக் கிணற்றிலிருந்து தினமும் குடம் சுமந்து படியேறுகிற மனுஷி.

“ஏன் தம்பி, கீழ் லயத்துக் கெணத்துக்கு வந்த மருந்து எங்க கெணத்துக்கு மட்டும் ஏன் வரல? எதுக்கு இந்த ஓரவஞ்சன? மிஸ்கிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். மிஸ் பரிசோதித்தார். “அந்தத் தண்ணி நல்லா சுத்தமா இருக்கே. சுத்தமான கெணத்துக்கு எப்படிப் பவுசர் எழுதுற?” என்றார். நியாயமான பேச்சு. குறை தண்ணீரில்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, தலைக்கவசமும் மஞ்சள் மேலங்கியும் போட்டுக்கொண்டு, அதே பீப்பாயில் நிரப்பிய ஐந்து லீட்டர் கேனோடு மேல் லயத்துக் கிணற்றுக்குப் போனேன். கிணற்றை மூடியிருந்த தகரத்தைத் தூக்கிப் பிடித்தது இருளாயி அக்காதான்.

“மிஸ் அனுப்புனாங்களா தம்பி?”

“ஆமாங்க அக்கா.”

“நீங்க நல்லா இருக்கணும்.”

அதன் பிறகும் மாதம் ஒரு முறை போனேன். அளவு குறைந்துவிடக் கூடாதே.

அந்தக் கிணற்றை மறுபடி பரிசோதிக்க விண்ணப்பம் வேண்டுமாம், விண்ணப்பத்தைப் பார்க்கக் கூட்டம் வேண்டுமாம். கூட்டம் கூட ஏழு மாதம் ஆனது. தாமதம் என்னுடையது அல்ல, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் மேல் லயத்தில் பலருக்குத் தலைச்சுற்று, வாந்தி. இருளாயி அக்காவுக்குக் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் காமாலை என்று சொல்லி, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து குடித்தார்.

மேல் லயத்துக்குப் பவுசர் முதன்முதலாக ஏறி வந்தது அவருடைய கருமாதி அன்றுதான். சோறு வடித்தது, பாத்திரம் கழுவியது எல்லாம் பவுசர் தண்ணீரில். அவர் மகள் ஜீவராணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா கேட்டது வந்துருச்சுங்க அண்ணே” என்று அழுதது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

தொழிற்சாலை பள்ளத்தில், மேல் லயத்துக் கிணறு மேட்டில். நிலத்தடித் தண்ணீர் மேடு ஏறாது என்று மிஸ் கணக்குப் போட்டுப் பார்த்துதான் பொலிஸில் உங்களிடம் வந்தார். அதை நான் யோசிக்காமல் விட்டது பிழைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஏழு மாதத்தில் நீயும் அந்தக் கிணற்றில் குடித்தாயா என்று கேட்டீர்கள். இல்லை ஐயா, ஒரு வாய்கூட இல்லை. அடுத்த லயத்துத் தண்ணீரில் கை வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.