நாற்பத்தோராவது நாற்காலி

எங்கள் அன்புக்கும் வணக்கத்துக்கும் உரிய தலைமை ஆசிரியை அவர்களே, மழலைகளின் வாய்மொழியில் ‘சாவி மிஸ்’ அவர்களே,

கழுத்துக் கயிற்றில் வாசற்கதவின் சாவியும் கருணை கசியும் கண்களுமாக, எங்கள் அரசு மழலையர் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றிய தாங்கள் இன்று ஓய்வு பெறுகிறீர்கள்.

இங்கே இருப்பவை நாற்பது நாற்காலிகள். ஆண்டுதோறும் வருபவர்களோ நூறு பிள்ளைகள்; சீட்டுக் குலுக்கிச் சேர்ப்பதே விதி. இடமில்லை என்று சொல்லும் வேலையைத் தாங்கள் ஒருபோதும் காவலாளியிடம் விட்டதில்லை. பெற்றோருக்கு முன்பே பிள்ளையிடம் மண்டியிட்டுச் சொல்வீர்கள்: “உன்னை வேண்டாம்னு சொல்லல கண்ணு, நாற்காலிதான் பத்தல.”

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், தையல்காரரின் மூன்று வயது மகள் அதைக் கேட்டுவிட்டு, “பரவால்ல மிஸ், நான் நின்னுக்கறேன்” என்றாள். அன்று அவள் வீட்டு முகவரியைத் தாங்கள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டதை ஆயாம்மா இன்றும் சொல்வார். பிறகு சனிக்கிழமைதோறும் படப்புத்தகங்களோடு அவள் வீட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தீர்கள். இடம் கிடைக்காத மற்ற பிள்ளைகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

நாற்பத்தோராவது நாற்காலி கேட்டுத் தாங்கள் எழுதிய ஒவ்வொரு மனுவும் அவள் சொன்ன சொல்லோடுதான் தொடங்கியது. “என்னம்மா, அந்த நின்னுக்கற பொண்ணு இன்னும் உக்காரலையா?” என்று கேலி செய்வார் மேலதிகாரி. “அவ பத்தாவது போயிட்டா சார். இப்ப பக்கத்து வீட்டுப் பாப்பா நிக்குது” என்பீர்கள்.

இதோ, ஆணை வந்துவிட்டது. மூன்று வயது நிறைந்த எல்லாப் பிள்ளைக்கும் கட்டணமின்றி இடம், நாற்காலியோடு. இனிக் குலுக்கல் இல்லை. ஆனால் அது நடப்புக்கு வருவது அடுத்த மாதம் பள்ளி திறக்கும் நாளில். தாங்கள் விடைபெறுவதோ இன்று. ஆணையைப் படித்துவிட்டு, “அந்த ஒரு நாள் இருந்துட்டுப் போயிருந்தா நல்லாயிருக்கும்” என்று மட்டும் சொன்னீர்கள். அந்த ஒரு நாளைக் கேட்டு, தங்களுக்குத் தெரியாமல் நாங்கள் அனுப்பிய மனு, விதியில் இடமில்லை என்று திரும்பி வந்துவிட்டது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கழுத்துச் சாவியை இன்று ஒப்படைக்க வேண்டாம். பள்ளி திறக்கும் காலையில் தாங்களே வந்து கதவைத் திறந்துவிட்டுச் சாவியைத் தாருங்கள். அன்று நூறு பிள்ளைகளும் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். தங்களுக்கென ஒரு நாற்காலிகூட மிஞ்சாது. தாங்கள் என்ன சொல்வீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

இறைவன் தங்களுக்கு நீண்ட ஆயுளும், நிறைந்த மனமும், நெடுநேரம் நிற்க வலுவுள்ள கால்களும் அருள்வானாக.

வாசலில் காத்திருக்கும்,
ஆசிரியைகள், ஆயாம்மா, காவலாளி