ரெட்டை ரிங்கு

— அவரு வந்து சேருறதுக்குள்ள மாத்த ஏலுமா ஏலாதா, அத மட்டும் சொல்லுங்க வேலுமணியண்ணே.

— இங்கெரு விஜயராணி. உன் வீட்டுக்காரன் யோகராசு எங்கிட்ட ஜீப்ப விட்டது கிளட்ச் பிளேட்டு மாத்த. அத வாங்கத்தான் வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறியிருக்கான். ஆயில் ஃபில்டரப் பத்தி அவன் மூச்சே விடல. நீ என்னடான்னா மன்னவனூர்லருந்து பின்னாலயே பஸ்ஸப் புடிச்சு பெருமாள்மலைக்கு வந்து நின்னுக்கிட்டு, அதயும் மாத்துங்குற.

— அவருக்குத் தெரியாமத்தான் வந்தேன்.

— அது தெரியுது. கால்ல பாரு, செருப்பு சோடி மாறிக் கெடக்கு.

— இருக்கட்டும்ணே. நீங்க மாத்துங்க.

— இப்ப இருக்குற ஃபில்டர்ல என்ன கொற? கசியுதா?

— கசியல.

— பெறகு?

— இது சட்டி மாதிரி ஒண்ணக் கழட்டி, உள்ள ஒரு சாமானத்த வெச்சு மூடுறதுதானே? வேற மாதிரியும் உண்டாமே. டப்பா மாதிரி, கையாலயே திருகி மாட்டுறது. எங்க ஊர்ல பூண்டு மூட்ட ஏத்துற குமாரவேல் வண்டியில பாத்தேன். அதப் போடுங்க.

— போடலாம். பழைய ஜீப்புக்குன்னே அதுக்கு ஒரு அடாப்டர் வருது. சட்டி இருந்த எடத்துல அத வெச்சு முடுக்கிட்டு, மேல டப்பாவத் திருகுனா சோலி முடிஞ்சுது. எங்கிட்டயே ஒண்ணு சும்மா கெடக்கு. ஆனா நான் ஏன்னு கேக்குறேன். இந்தச் சட்டி ஃபில்டர வெச்சு மாரடிக்க மத்த டிரைவருக அலுத்துக்குவாங்கெ. உன் வீட்டுக்காரன் அப்படியா? இந்த மலையில வண்டிய அவன் மாதிரிப் பாத்துக்குறவன் எவன் இருக்கான் சொல்லு. போன மாசங்கூட அந்தச் சட்டிக்கு வெக்கிற ரப்பர் ரிங்கு ஒரு கை நெறைய வாங்கிட்டுப் போனான். எதுக்குய்யா இத்தனன்னேன். இருக்கட்டும்ணேன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டான்.

— சிரிச்சாரா?

— சிரிச்ச மாதிரித்தான் இருந்துச்சு.

— வீட்டுல நான் அவரு சிரிச்சுப் பாத்து ரொம்ப நாளாச்சுண்ணே. தெனமும் வெள்ளனே எந்திரிச்சுப் போயி அந்தச் சட்டியத் தெறக்குறாரு. குளிர்ல வெரல் மரத்துக் கெடக்கும். அந்தக் கையோடயே தெறப்பாரு, மூடுவாரு, வண்டிய எடுத்துக்கிட்டுப் போவாரு, வருவாரு, திரும்பத் தெறப்பாரு. கறுத்த கையோடயே வந்து சோத்துத் தட்டு முன்னால உக்காருவாரு. சோப்பு எடுத்துக் குடுத்தாலும் கழுவத் தோணாது. நான் பாத்துக்கிட்டே கெடக்குறேன். இனி எனக்கு ஏலாது.

— தெனமுமா? அத யாரு தெனமும் தெறப்பா? ஆயில் மாத்துறப்பத் தெறந்தாப் போதும்த்தா.

— அதான் சொல்றேன். அது வண்டியப் பாத்துக்குறது இல்லண்ணே.

— அழுகாத. இந்தா, இந்த டயர் மேல உக்காரு. உன் மக தமயந்தி விசயந்தானா?

— வேற என்ன இருக்கு எங்களுக்கு.

— துட்டி கேக்க எழவு வீட்டுக்கு நான் வந்திருந்தேன். புள்ளைக்கு இழுப்பு வந்துச்சு, ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியில வண்டி நின்னு போச்சுன்னு சொன்னாங்க. அதுக்கு மேல நான் யாருகிட்டயும் கேக்கல. கேக்குற நேரமா அது.

— அண்ணைக்குத்தான் அவரு ஆயில் மாத்துனாரு. வாசல்ல வண்டிய நிறுத்தி, ஃபில்டரும் புதுசு போட்டு, அப்பத்தான் கையத் தொடச்சுக்கிட்டு நிக்குறாரு. பூண்டுக் காட்டுலருந்து தமயந்தி வந்தா. மூச்சு வாங்குது. இன்ஹேலர அமுக்குனா, காத்துத்தான் வருது, மருந்து தீந்து போச்சு. ஒதடு நீலமாயிருச்சுண்ணே. தூக்கி வண்டியில போட்டோம். பூம்பாறை தாண்டி பைன் காட்டுக்குள்ள அந்த வளைவு இருக்குல்ல, அங்க வந்ததும் வண்டி அலறி நின்னுச்சு. எறங்கிப் பாத்தா ரோடெல்லாம் ஆயில். ஒரு சொட்டு உள்ள இல்ல. இஞ்சின் இறுகிப் போச்சு.

— போனு?

— டவர் எங்கண்ணே அந்தக் காட்டுக்குள்ள. கேரட் ஏத்திக்கிட்டு ஒரு லாரி வந்து, அதுல ஏத்துனோம். கொடைக்கானல் லைட்டு தெரியுது, அவ கையி என் கையில இருக்கு, ஆனா அவ இல்ல. நான் யாருகிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சொல்லாமயே புடிச்சுக்கிட்டு வந்தேன்.

— போதும் தாயீ. தண்ணி குடி.

— வண்டிய இழுத்துட்டுப் போன ஆளு மறுநாளு சட்டியக் கழட்டிப் பாத்திருக்கான். அத நேரா எங்க எழவு வீட்டுக்கு வந்து, எல்லாரும் உக்காந்திருக்கையில சொல்றான். ரெண்டு ரிங்கு கெடந்துச்சாம். ரிங்கு உக்காருற பள்ளம் இருக்காமே, அந்தக் காடிக்குள்ளயே பழசு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அத எடுக்காம அதுக்கு மேலயே புதுச வெச்சு மூடிட்டாராம்.

— ம்.

— அப்படி நடக்குமாண்ணே?

— நடக்கும். காடி கருப்பு, ரிங்கும் கருப்பு. பழசு காஞ்சு போயி காடியோட காடியாக் கெடக்கும், கண்ணுக்குத் தெரியாது. நகத்தால கீறிப் பாத்தாத்தான் உண்டு. கெட்டிக்கார மெக்கானிக்கே கோட்ட விடுற எடம் அது. அத எழவு வீட்டுல வந்தா சொல்லுவான் கூறு கெட்டவன்?

— இஞ்சினச் சரி பண்ணி வண்டி வீடு வந்ததுலருந்துதான் தெறந்து தெறந்து பாக்குறாரு. ரிங்கு ஒண்ணா ரெண்டான்னு பாக்குறாரு போலருக்கு. தெறக்குறதுக்கு அங்க ஒரு மூடி இருக்குற வரைக்கும் இவரு விட மாட்டாருண்ணே. அதான் தெறக்கவே ஏலாத மாதிரி ஒண்ணு போடுங்கன்னு வந்தேன்.

— இதத்தான் மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. டப்பா ஃபில்டர்னா அதோட ரிங்கு டப்பா வாயிலயே இருக்கும். கழட்டுனா அதோட சேந்து வந்துரும். எப்பவாவது ஒட்டிக்கிட்டு நின்னாலும் கண்ணுக்கு நேரா தெரியும். உள்ள தெறந்து பாக்க ஒண்ணுமில்ல, ஆயுசு முடிஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். நகரு, பானட்டத் தூக்குறேன்.

— அவரு வந்து சத்தம் போட்டா?

— போடட்டும். பிளேட்டு மாத்துறப்ப சட்டி ஒடஞ்சு போச்சுன்னு சொல்லிக்குறேன். இந்தச் சட்டிக்கு நடுவுல ஒரே ஒரு போல்ட்டுதான், பாத்தியா? இது எவ்வளவு லேசா சுத்துது பாரு. தெனமும் கழட்டுறான்னு சொன்னது சரிதான். இந்தா, சட்டி வந்துருச்சு. அந்தத் தட்ட கீழ தள்ளு, ஆயில் ஒழுகுது.

— இதுக்குள்ளயா அவரு கையி தெனமும்...

— ஏத்தா. அந்த டார்ச்ச எடு. இங்க அடி, காடிக்குள்ள. என்ன தெரியுது?

— கருப்பா ஒரு வளையம்.

— இப்ப என் வெரல்ல இருக்குறது என்ன?

— அதுவும்... அண்ணே, அதுவும் வளையந்தான்.

— ரெண்டு.

— திரும்பவும் மறந்துட்டாரா? தெனமும் பாத்துமா?

— மறந்தா பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு இருக்கும். இது ரெண்டும் புதுசு. ஒண்ணு மேல ஒண்ணு நழுவாம இருக்க கிரீஸ் தடவி உக்கார வெச்சிருக்கான். வேணும்னே வெச்சிருக்கான்.

— எதுக்கு? எதுக்குண்ணே?

— எங்கிட்டக் கேட்டா? அந்தா வர்றான் பாரு, பிளேட்ட கக்கத்துல வெச்சுக்கிட்டு. நீயே கேளு.

— ராணி? நீ எங்க இங்க?

— ஏங்க, இது என்ன?

— சட்டிய யாரு கழட்டச் சொன்னது? அண்ணே, நான் பிளேட்டு மட்டுந்தானே சொல்லிட்டுப் போனேன்.

— ஏலே யோகராசு, மொதல்ல இதச் சொல்லு. ரெண்டு ரிங்கு வெச்சு வண்டி ஓட்டுறவன் மனுசனா? நாலு பேர ஏத்திக்கிட்டு மலையில போற வண்டி இது.

— ஆள ஏத்துறதுன்னா ஒண்ண எடுத்துருவேண்ணே. மேல பெருமாள் இருக்காரு, அவரு சாட்சி. வெறும் வண்டியிலதான் ரெண்டு வெச்சுப் போவேன். போயிட்டு வந்து ஒண்ண எடுத்துட்டுத்தான் ட்ரிப்பு அடிப்பேன். இண்ணைக்கு கிளட்ச் வழுக்கவும் அப்படியே இங்க கொண்டாந்து விட்டுட்டேன்.

— எங்க போவீங்க வெறும் வண்டியில?

— அந்த வளைவு வரைக்கும்.

— எதுக்கு?

— கசியுதான்னு பாக்க.

— கசியுதா?

— கசியல ராணி. ஒரு நாளும் கசியல. புதுசு ரெண்டு வெச்சுப் பாத்துட்டேன். காஞ்ச பழசுக்கு மேல புதுசு வெச்சும் பாத்துட்டேன். மழையில போயிருக்கேன், பனியில போயிருக்கேன். போயிட்டு அந்த எடத்துல எறங்கி, குனிஞ்சு ரோட்டப் பாப்பேன். ஒரு சொட்டு இருக்காது.

— நான் நீங்க பயந்துக்கிட்டு பாக்குறீங்கன்னுல்ல நெனச்சேன். இப்படி ஒண்ணு செய்யுறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல ஏலாதா? பக்கத்துலதானே படுத்துக் கெடக்குறேன்.

— எப்படிச் சொல்ல.

— யோகராசு, இங்கெரு. நீ நல்லதத்தான் பாக்க மாட்டேங்குற. இத்தன நாளா ரெண்டு வெச்சும் வெடிக்கலைன்னா, அண்ணைக்கு வெடிச்சதுக்கு வேற எதாச்சும் காரணம் இருந்திருக்கும். சட்டி விரிசல் விட்டிருக்கும், போல்ட்டு நீண்டிருக்கும். உன் மேல தப்பில்லன்னு ஆகுதுல்லய்யா. நெஞ்சுல இருக்கத எறக்கி வையி.

— அப்படிச் சொல்லாதீங்கண்ணே. கசியணும்.

— என்னது?

— ஒரு தடவையாச்சும் கசியணும். நான் போறதே அதுக்குத்தான்.

— பெத்தவன் பேசுற பேச்சா இது? உனக்குத் தப்பு வேணும்னு அலையுற. எவனாச்சும் அப்படி அலைவானா? கிளட்ச் பிளேட்டு ஏன் தேஞ்சதுன்னு இப்பத்தான் வெளங்குது. சரி, ஒண்ணு கேக்குறேன். வெள்ளனே போறப்ப எப்படிப் போற?

— மெதுவாத்தான். பொறுமையா ஏத்துவேன்.

— அண்ணைக்கு?

— அண்ணைக்கும் அப்படித்தான்.

— இல்லண்ணே. அண்ணைக்கு அப்படிப் போகல.

— நீ சும்மா இரு ராணி.

— ஏன் சும்மா இருக்கணும்? நாந்தானே புள்ள தலைய மடியில வெச்சுக்கிட்டு பின்னால இருந்தேன். கெதியா போங்க, கெதியா போங்கன்னு இவரு முதுகுல அடிச்சுக்கிட்டே வந்தேன். பதறுனா வேகமாங்குறதுக்கு எங்கம்மா சிலோன்ல பேசுன பேச்சுத்தான் என் வாயில வருது. கெதியா, கெதியான்னு கத்துனேன். இவரு மிதிச்ச மிதியில வண்டி அலறிக்கிட்டு ஏறுச்சு. அப்படி ஒரு நாளும் இவரு ஓட்டுனதில்ல.

— மிதிச்சா ஆயில் பிரஷர் ஏறும்த்தா. ரெட்டை ரிங்கு மெதுவாப் போறப்பத் தாங்கிக்கும். இஞ்சின் அலற அலற மிதிச்சா, மேல இருக்க ரிங்கு பிதுங்கி...

— அண்ணே, வேணாம். அந்தப் பேச்ச விடுங்க.

— ஏலே. அப்ப இது உனக்குத் தெரியுமா?

— நானும் இத்தன வருசமா வண்டி ஓட்டுறவன்தானேண்ணே.

— தெரிஞ்சுக்கிட்டா தெனமும் மெதுவாவே போயிட்டு வர்ற? ஒரே ஒரு நாளு அண்ணைக்கு மாதிரி மிதிச்சுப் பாத்திருந்தா, வெவகாரம் முடிஞ்சிருக்குமேய்யா.

— மிதிச்சா வெடிக்கும். அது எனக்குத் தெரியும். மெதுவாப் போயும் வெடிக்கணும்ணே. அப்படி வெடிச்சாத்தான் அது ரிங்க மறந்தவன் தப்பு, என் ஒருத்தன் தப்பு. இவ கத்துனதுக்கும் புள்ள போனதுக்கும் சம்பந்தமில்லன்னு ஆகும்.

— ஏங்க.

— சட்டிய மாட்டிக் குடுங்கண்ணே. இன்னும் கொஞ்ச நாளு போய்ப் பாத்துக்குறேன். எப்பவாச்சும் கசியும்.

— வேணாம் வேலுமணியண்ணே, டப்பாவயே போடுங்க. தப்புல என் பங்கு எங்கிட்டயே இருக்கட்டும்.